சென்னை ஸ்டார்ட்அப்களிடையே தொழிலறிவு எப்படிப் பரவியது? ஒரு நிகழ்வு ஆய்வு

2021 செப்டம்பர் 22ஆம் தேதி, சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது. வெளியீட்டு விலை பங்குக்கு 36 டாலர். ஊழியர்களில் ஐந்நூறு பேருக்கு மேல் கோடீஸ்வரர் ஆனார்கள் என்பதுதான் அன்றைக்குப் பெரிய செய்தி. என்னை அதைவிட அதிகம் வியக்கவைப்பது வேறொன்று. அமெரிக்கக் கம்பெனிக்கு, அங்கே ஆள் அனுப்பாமல், சென்னையில் உட்கார்ந்தபடியே இணையத்திலும் ஃபோனிலும் மென்பொருள் விற்பது எப்படி என்பது 2010 வாக்கில் இந்த ஊரில் வெகுசிலருக்கே தெரிந்த வித்தை. பத்து ஆண்டுகளில் அது ஊரறிந்த விஷயமாகிவிட்டது. சார்ஜ்பீ, கிஸ்ஃப்ளோ, ஃபேசிலியோ, ராக்கெட்லேன் என்று கம்பெனிகள் வரிசையாக எழுந்தன. அந்த வித்தை யாரிடமிருந்து யாருக்கு, எந்த வழியாகப் போனது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

இதே ஊரில் தரமணிப் பக்கம், ஐஐடியை ஒட்டி, வேறு ஜாதி ஸ்டார்ட்அப்கள் வளர்ந்தன. மின் ஸ்கூட்டர், ராக்கெட் இன்ஜின், நீருக்கடியில் போகும் ரோபோ. அவற்றுக்கு அறிவு வந்த பாதை வேறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நிறுவனர்களின் வலைப்பின்னல் எதற்கு உதவும், புதுக் கம்பெனிக்கு இடமும் கருவியும் வழிகாட்டலும் கொடுத்து வளர்க்கும் இன்குபேட்டர் எதற்கு உதவும் என்பது தெளிவாகும்.

எந்த அறிவு?

முதலில் இதைத் தீர்த்துக்கொள்வோம். ‘தொழிலறிவு’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் ஒன்றும் விளங்காது. சாஸ் என்று சொல்லப்படும் மாதச் சந்தா மென்பொருள் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். நிரல் எழுதுவது சென்னைக்குப் புதிதில்லை. தெரியாமல் இருந்தவை வேறு. ஒரு பயனருக்கு மாதம் எத்தனை டாலர் என்று விலை வைப்பது? இலவசமாகப் பார்க்க 14 நாள் கொடுப்பதா, 30 நாளா? முதலிலேயே கிரெடிட் கார்டு எண்ணைக் கேட்பதா, கடைசியில் கேட்பதா? அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் கம்பெனி பதிவு செய்ய வேண்டுமா? அமெரிக்காவில் பகல் நடக்கும்போது இங்கே ராத்திரி. அந்த நேரத்தில் ஃபோனை எடுப்பது யார்? விற்பனை ஆளை முதலில் எடுப்பதா, நிறுவனரே விற்பதா?

ஒரு கணக்கை மட்டும் அருகில் போய்ப் பார்க்கலாம். மாதம் நூற்றுக்கு மூன்று வாடிக்கையாளர் சந்தாவை நிறுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புதிதாகத் தொழில் தொடங்கியவர் ‘மூன்றுதானே’ என்று விட்டுவிடுவார். கணக்குப் போட்டால் தெரியும்: ஆண்டு முடிவில் நூறில் ஏறக்குறைய 31 பேர் போயிருப்பார்கள். அந்தக் குழியை நிரப்பவே புது விற்பனையில் பெரும்பகுதி போய்விடும். இந்தக் கணக்கைப் பள்ளிப் பையனும் போடுவான். ஆனால் சின்னக் கடைகளுக்கு விற்கும் மென்பொருளில் மூன்று சதவீதம் சகஜமா, பெரிய கம்பெனிகளுக்கு விற்கும்போது அதே மூன்று ஆபத்தா, எந்த மாதத்தில் பயப்பட வேண்டும், பயந்தால் முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதெல்லாம் அனுபவித்தவர் சொன்னால்தான் தெரியும். அவரும் தன் கம்பெனியின் உண்மையான எண்களை எடுத்து மேசைமேல் போட்டால்தான் பேச்சுக்கு மதிப்பு. யாரும் தன் எண்களை மேடையில் சொல்வதில்லை. இந்த ஒரு காரணத்தாலேயே இந்த அறிவு கருத்தரங்கில் கிடைப்பதில்லை.

முதல் வழி: ஆள் மாறினார், அறிவு மாறியது

சென்னையில் இந்த வித்தையைச் சொந்தமாகக் கற்ற பெரிய நிறுவனம் ஸோஹோ. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள் செய்யத் தொடங்கியது. 2009இல்தான் ஸோஹோ கார்ப்பரேஷன் ஆனது. வெளி முதலீடு வாங்காமலே வளர்ந்தது. அப்படி வளரும் கம்பெனி விற்பனையை வேகமாகக் கற்றே ஆக வேண்டும். அடுத்த மாதச் சம்பளம் வாடிக்கையாளர் கொடுக்கும் காசிலிருந்துதான் வர வேண்டும். பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகளை எடுத்துத் தானே பயிற்சி கொடுக்கும் பள்ளியையும் ஸோஹோ நடத்திவருகிறது. ஆக, தொழிலை உள்ளேயே கற்றுக்கொடுக்கும் பழக்கம் அங்கே வேரூன்றியிருந்தது.

கிரீஷ் மாத்ருபூதம் அங்கே பல ஆண்டுகள் பணியாற்றியவர். 2010இல் வெளியே வந்து, ஷான் கிருஷ்ணசாமியுடன் ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். அதுதான் பின்னர் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறியது. வாடிக்கையாளர்களின் கேள்விகளையும் புகார்களையும் கையாள உதவும் ஸென்டெஸ்க் என்ற அமெரிக்க மென்பொருள் திடீரென விலையை ஏற்றியதும், அதன் வாடிக்கையாளர்கள் இணையத்தில் கொதித்துப்போய்ப் பேசியதும் அவர் கண்ணில் பட்டன. அந்த விவாதத்தை ஆயிரக்கணக்கானோர் படித்திருப்பார்கள். இதில் ஒரு சந்தை இருக்கிறது என்று அவருக்கு மட்டும் பட்டதற்குக் காரணம், அவர் அதற்கு முன்பே அதே வகை மென்பொருளைக் கட்டி விற்றிருந்தார். இது அதிர்ஷ்டக் கதையாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பல வருடம் சேர்ந்த அனுபவம் ஒரு கேள்வி வரும்வரை காத்திருந்தது, அவ்வளவுதான். முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் ஒரு கல்லூரி. 2011 கடைசியில் ஆக்ஸெல் என்ற முதலீட்டு நிறுவனத்தின் பணம் வந்தது.

அதே 2011இல் சார்ஜ்பீ வந்தது. அதன் நிறுவனர்களிலும் ஸோஹோவில் வேலை பார்த்தவர்கள் உண்டு. சந்தாப் பணத்தை மாதாமாதம் தவறாமல் வசூலிக்கும் மென்பொருள்தான் அவர்கள் செய்தது. அக்கம்பக்கத்துச் சாஸ் கம்பெனிகள் எல்லாம் பட்ட அவஸ்தையே அவர்களுக்குச் சரக்கானது.

இந்த வழியில் அறிவு எப்படிச் சுற்றி வருகிறது என்பதற்கு இன்னும் நல்ல சாட்சி கோனோட்டர். செல்பேசிச் செயலிக்குள்ளேயே வாடிக்கையாளருடன் பேசும் வசதியைச் செய்துகொண்டிருந்த சிறிய சென்னை நிறுவனம் அது. ஸ்ரீகிருஷ்ணன் கணேசனும் நண்பர்களும் தொடங்கியது. 2015 டிசம்பரில் ஃப்ரெஷ்டெஸ்க் அதை வாங்கிக்கொண்டது. பொருள் ஃப்ரெஷ்சாட் ஆனது. நிறுவனர்கள் சில ஆண்டுகள் உள்ளேயிருந்து, பெரிய கம்பெனி புதிதாக வந்த பெரிய வாடிக்கையாளருக்கு மென்பொருளை அமைத்துப் பழக்கும்போது எங்கெங்கே தடுமாறுகிறது என்று பார்த்தார்கள். 2020இல் வெளியே வந்து அந்தத் தடுமாற்றத்துக்கே மருந்தாக ராக்கெட்லேனைத் தொடங்கினார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொருளைச் சந்தைக்குக் கொண்டுவருவதற்கு முன்பே, புது வாடிக்கையாளருக்கு மென்பொருளை அமைத்துப் பழக்கும் வேலையில் இருப்பவர்களுக்காகப் ப்ரீஃப்ளைட் என்ற ஒரு குழுமத்தைக் கூட்டினார்கள். உலகம் முழுவதும் அதே வேலையைச் செய்பவர்கள் தங்கள் சிக்கல்களை அங்கே பேசினார்கள். எதைக் கட்ட வேண்டும் என்பது அந்தப் பேச்சிலேயே இருந்தது. அறிவைப் பகிர்வது தானதர்மம் என்று நினைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். இது தொழில் உத்தி.

சரி, ஆள் மாறுவதால் அறிவு பரவுகிறது. ஆனால் இந்த வழி மெதுவானது. ஸோஹோவிலோ ஃப்ரெஷ்வொர்க்ஸிலோ வேலை பார்க்காத ஒருவருக்கு இதில் கதவே இல்லை.

இரண்டாவது வழி: பூட்டிய அறை

அந்தக் கதவைத் திறந்தது நிறுவனர்களின் வலைப்பின்னல்தான். 2013இல் ஐஸ்பிர்ட் என்ற தன்னார்வ அமைப்பு உருவானது. இந்திய மென்பொருள் தயாரிப்பாளர்களுக்கான அமைப்பு. அது நடத்திய பிளேபுக் வட்டமேசைகள் இந்தக் கதையில் மிக முக்கியமானவை. 2015இல் சென்னையில் சாஸ்எக்ஸ் என்ற கூட்டம் தொடங்கியது. பின்னர் அதுவே சாஸ்பூமி ஆனது. கிரீஷ், கிஸ்ஃப்ளோவின் சுரேஷ் சம்பந்தம், ஒருங்கிணைப்பில் அவினாஷ் ராகவா போன்றவர்கள் இதை முன்னெடுத்தார்கள். நிறுவனர்களுக்காக நிறுவனர்களே நடத்துவது என்பதுதான் அடிப்படை விதி.

வட்டமேசை எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சூட்சுமம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. பத்துப் பதினைந்து நிறுவனர்கள், ஒரு அறை, அரை நாள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே கட்டத்தில் இருப்பவர்கள். முதல் பத்து வாடிக்கையாளரைத் தேடுபவரையும் ஆயிரத்தைத் தாண்டியவரையும் ஒன்றாக உட்கார வைப்பதில்லை. வழிநடத்துபவர் அதே வேலையைச் சமீபத்தில் செய்தவர். எடுத்துக்கொள்ளும் விஷயம் ஒன்றே ஒன்று: விலை வைப்பது, அல்லது ஃபோனில் விற்பது, அல்லது முதல் விற்பனைக் குழு. முதலீட்டாளரும் ஏதாவது சேவையை விற்க வருபவரும் உள்ளே கிடையாது. முதலீட்டாளர் இருந்தால் யாரும் ‘என் கம்பெனியில் வாடிக்கையாளர் ஓடுகிறார்கள்’ என்று சொல்லமாட்டார்கள். எல்லோரும் வளர்ச்சிக் கோட்டைத்தான் காட்டுவார்கள். பேசியது அறையைத் தாண்டாது என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் உண்மையான எண்கள் வெளியே வரும்.

ஏன் சொல்கிறார்கள்? போட்டியாளருக்குத் தொழில் ரகசியத்தைச் சொல்லிக்கொடுப்பார்களா என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கம்பெனிகளின் வாடிக்கையாளர் இருப்பது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும். ஒருவர் சந்தா வசூல் மென்பொருள் விற்கிறார், இன்னொருவர் கட்டடப் பராமரிப்பு மென்பொருள் விற்கிறார். ஒரே வாடிக்கையாளருக்காக இருவரும் மோதுவது அபூர்வம். ஆனால் விலை வைக்கும் முறை இருவருக்கும் ஒன்றுதான். அப்புறம் இன்னொரு லாபமும் உண்டு. ஊரில் பத்துக் கம்பெனி ஜெயித்தால் அந்த வேலை தெரிந்த ஆட்கள் பெருகுவார்கள், முதலீட்டாளர்கள் விமானம் ஏறிச் சென்னைக்கு வருவார்கள். தனியாக ஒரு கம்பெனி ஜெயித்தால் அது நடக்காது.

எல்லை எங்கே இருக்கிறது என்பதும் இதே கதையில் தெரிகிறது. ஸோஹோவும் ஃப்ரெஷ்வொர்க்ஸும் ஒரே வகை மென்பொருளை ஒரே வகை வாடிக்கையாளருக்கு விற்பவை. 2020இல் ரகசியத் தகவல்கள் தொடர்பாக ஸோஹோ அமெரிக்க நீதிமன்றத்தில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் மீது வழக்குத் தொடுத்தது. 2021இல் சமரசம் ஆனது. விற்கும் முறையைச் சொல்லலாம். யாருக்கு விற்கப் போகிறோம் என்ற பட்டியல் அவரவர் சொத்து. பகிர்வதைப் பற்றிப் பேசும்போது இந்தக் கோட்டை முதலிலேயே போட்டுவிடுவது நல்லது. கோடு தெளிவாக இருந்தால்தான் மற்றதைத் தயங்காமல் சொல்ல முடியும்.

ஜெயித்தவர்கள் பின்னால் வருபவர்களுக்குப் பணமாகவும் திருப்பினார்கள். கிரீஷும் அவினாஷும் இன்னும் சிலரும் சேர்ந்து 2021இல் டுகெதர் ஃபண்ட் என்ற முதலீட்டு நிதியைத் தொடங்கினார்கள்.

தரமணி: அறிவு இயந்திரத்தில் இருக்கும்போது

இனி ஐஐடி பக்கம் வருவோம். ராக்கெட் இன்ஜின் செய்ய நினைப்பவருக்கு வட்டமேசையில் என்ன கிடைக்கும்? பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அவருக்கு வேண்டியது எரிதல் பற்றி முப்பது வருடம் ஆராய்ந்த ஒருவர், இன்ஜினைச் சோதித்துப் பார்க்க ஒரு கூடம், உலோகத்தில் அச்சிடும் இயந்திரம், அரசாங்கத்தின் அனுமதி. இவற்றை ஒரு ஸ்டார்ட்அப் தன் கைக்காசில் வாங்க முடியாது.

2017இல் தொடங்கிய அக்னிகுல் காஸ்மாஸ் இந்த வழியில் வந்தது. ஸ்ரீநாத் ரவிச்சந்திரன், மொயின் ஆகியோருடன் ஐஐடி விண்வெளிப் பொறியியல் பேராசிரியர் சத்யநாராயணன் சக்கரவர்த்தியே இணை நிறுவனராகச் சேர்ந்தார். எரிதல் ஆய்வுக்கான தேசிய மையம் ஐஐடி வளாகத்திலேயே இருக்கிறது. இஸ்ரோவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் ஆலோசகர்களாக வந்தார்கள். 2020 டிசம்பரில் இஸ்ரோவின் வசதிகளைப் பயன்படுத்த ஒப்பந்தம் ஆனது. ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் எடுத்த இன்ஜினுடன், 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தங்கள் சொந்த ஏவுதளத்திலிருந்து சோதனை ராக்கெட்டைச் செலுத்தினார்கள். அதற்கு முன் நான்கு முறை தள்ளிப்போனது. இங்கே அறிவு பேராசிரியர், ஓய்வுபெற்ற விஞ்ஞானி, சோதனைக்கூடம் என்று பல இடங்களில் சிதறிக் கிடந்தது. ஒரே வளாகத்தின் சுற்றுவட்டத்தில் அவை ஒன்றுசேர்ந்ததுதான் இன்குபேட்டர் செய்த வேலை.

ஏதர் எனர்ஜி இன்னொரு விதம். ஐஐடியில் படித்து முடித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013இல் தொடங்கினார்கள். முதல் எண்ணம் மின் வண்டிகளுக்கு நல்ல பேட்டரி செய்து கொடுப்பது. அன்றைக்குச் சந்தையில் இருந்த வண்டிகளைப் பார்த்த பிறகு, நல்ல பேட்டரியை வைக்கத் தகுந்த வண்டியே இல்லை என்று புரிந்தது. வண்டியையே முழுதாகச் செய்ய முடிவெடுத்தார்கள். இப்படித் திசை மாறும் நாட்களில் வாடகை, இடம், கருவி பற்றிய கவலை இல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது தொழில் செய்தவர்களுக்குத் தெரியும். பிறகு பெங்களூருக்குப் போனார்கள். தொழிற்சாலை ஓசூரில் வந்தது. 2025 மே மாதம் பங்குச் சந்தைக்கும் வந்துவிட்டார்கள்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் நீண்ட உழைப்பு இருக்கிறது. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் சக பேராசிரியர்களும் டெனட் என்ற குழுவாகச் சேர்ந்து தொண்ணூறுகளிலேயே கோர்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசித் தொழில்நுட்பத்தை உருவாக்கி, அதற்காகக் கம்பெனிகளையும் வளர்த்தார்கள். 2006இல் கிராமப்புறத் தொழில்நுட்பத்துக்கான இன்குபேட்டர் வந்தது. குரல்வழி மென்பொருளில் பெயரெடுத்த யூனிஃபோர் 2008இல் அங்கேதான் முளைத்தது. 2013இல் ஐஐடி இன்குபேஷன் செல். 2024-25 நிதியாண்டில் மட்டும் 104 ஸ்டார்ட்அப்களை அது சேர்த்துக்கொண்டது.

கம்பெனிகளுக்கு இடம் கொடுக்கும் ஐஐடியின் ஆராய்ச்சிப் பூங்காவில் உள்ள ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே இடம் எடுக்கும் கம்பெனி வாடகை கட்டினால் மட்டும் போதாது. ஐஐடியுடன் உண்மையாகவே சேர்ந்து வேலை செய்ததற்குப் புள்ளிகள் சம்பாதிக்க வேண்டும். மாணவர்களைப் பயிற்சிக்கு எடுத்தால் புள்ளி. பேராசிரியரிடம் ஆய்வுத் திட்டம் கொடுத்தால், ஆலோசனை கேட்டால் புள்ளி. எடுத்த இடத்தின் பரப்புக்கு ஏற்ப இத்தனை என்று கணக்கு. பக்கத்துப் பக்கத்தில் கட்டடம் கட்டிவிட்டால் தானாகவே பேசிக்கொள்வார்கள் என்று நம்பி ஏமாந்த தொழிற்பூங்காக்கள் எத்தனையோ. பேசினால்தான் இருக்கலாம் என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்தது பெரிய யோசனை.

சென்னைக்கு வெளியே

இன்குபேட்டர் என்றதும் இது ஏதோ இந்தப் பத்து வருடத்து விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். திருச்சியில் அப்போதைய மண்டலப் பொறியியல் கல்லூரியை ஒட்டி ட்ரெக்-ஸ்டெப் 1986இலேயே வந்துவிட்டது. கோவையில் பிஎஸ்ஜி-ஸ்டெப் 1998இல் வந்தது. அதற்கும் வெகுகாலம் முன்பு, 1920களில், அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். அந்த இருவர் கற்றது சிவகாசி முழுவதற்கும் தொழிலானது. உறவு, ஊர், நம்பிக்கை வழியாக அறிவு பாய்வது நமக்குப் பழகிய வழிதான்.

ஆனால் உறவு வழியாகப் பாயும் அறிவு உறவுக்குள்ளேயே நின்றுவிடும். சாஸ்பூமி போன்ற வலைப்பின்னல்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. ஒருவர் அறிமுகப்படுத்தினால்தான் அறைக்குள் போக முடியும் என்றால், அறிமுகம் இல்லாத ஊரிலிருந்து, அறிமுகம் இல்லாத சமூகத்திலிருந்து வருபவர் வாசலிலேயே நிற்பார். பெண் நிறுவனர்களுக்கும் இதே கதி. இதைச் சரிசெய்ய வேண்டியது அரசும் மாவட்ட அமைப்புகளும்தான் என்பது என் உறுதியான கருத்து. மதுரையில் நேட்டிவ் லீட் என்ற அமைப்பு தென்மாவட்டத் தொழில்முனைவோரையும் உள்ளூர் முதலீட்டாளர்களையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது. அதைத் தொடங்கிய சிவராஜா ராமநாதனிடமே பின்னர் மாநில அரசின் ஸ்டார்ட்அப்டிஎன் அமைப்பின் பொறுப்பு வந்தது. மதுரை, திருநெல்வேலி, ஈரோடு என்று வட்டார மையங்கள் திறந்தன. டான்சீட் திட்டத்தில் தொடக்க நிதி கிடைக்கிறது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் நடத்தும் ஸ்டார்ட்அப்களுக்குத் தனி நிதியும் வந்தது. நல்ல தொடக்கம்.

பணத்தைப் பிரித்துக்கொடுப்பது ஒப்பீட்டளவில் சுலபம். அறிவை அப்படிக் கொடுக்க முடியாது. கல்லூரி இன்குபேட்டர்கள் பலவற்றின் ஆண்டறிக்கையைப் புரட்டினால் எத்தனை பயிலரங்கு, எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், எத்தனை மென்டர்கள், அதாவது வழிகாட்டிகள், என்று பட்டியல் இருக்கும். மென்டர் பட்டியலில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர்களின் பெயர்கள் நிறைந்திருக்கும். ஈரோட்டில் மஞ்சள் உலர்த்தும் கருவி செய்யும் இளைஞருக்கு அவர்களில் யாரிடம் போவது என்று தெரியாது. அவருக்கு வேண்டியவர் போன வருடம் இதேபோல் ஒரு வேளாண் கருவியை முதல் ஐம்பது விவசாயிகளிடம் விற்றவர். கடனுக்குக் கொடுத்தாரா, வாடகைக்கு விட்டாரா, பழுதானால் யார் போய்ப் பார்த்தார் என்பதைச் சொல்லக்கூடியவர். அவர் கோவையிலோ தஞ்சாவூரிலோ இருப்பார். அவருக்கு மென்டர் என்ற பட்டம் இருக்காது.

வட்டார மையங்கள் இதை இப்போதே செய்யலாம். எந்த ஸ்டார்ட்அப் எந்தச் சிக்கலை எந்த வருடம் தீர்த்தது என்று ஒரு பதிவேடு வைக்கலாம். ஒரே கட்டத்தில் இருக்கும் பத்துப் பேரைக் கூட்டி, கதவைச் சாத்தி, தமிழிலேயே பேசவிடலாம். வழிநடத்த வருபவருக்குப் போக்குவரத்துச் செலவும் அன்றைய நாளுக்கான ஊதியமும் கொடுக்கலாம். சென்னை மென்பொருள் நிறுவனர்கள் இலவசமாகச் செய்தார்கள் என்பதற்காகத் திருநெல்வேலியில் சிறு பட்டறை நடத்துபவரிடமும் அதையே எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவர் ஒரு நாள் வந்தால் அன்றைக்குப் பட்டறையில் வேலை நடக்காது.